நான் வாங்கிய பிஸ்டல்

1

நம் பழவேற்காட்டுத் தோணிரேவில் ஒரு பேச்சு ஓடுகிறதாம். நான் ஹாலந்தில் பிஸ்டல் வாங்கி வைத்திருக்கிறேன் என்று. இந்தப் பேச்சுக்குக் காரணம் என் தங்கை வள்ளியம்மா. அவளுக்குக் காரணம் நான். போன வருஷம் இதே மாசம் அவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, நாளைக்கு பிஸ்டல் வாங்கக் கடைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்கியதால் சட்டென்று போனை வைத்துவிட்டேன். அவள் அதை மீன் ஏலம் விடுகிற இடத்தில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். அங்கே சொன்னால் பொன்னேரி வரைக்கும் போய்விடும். ஒரு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, அங்க இன்னா சண்டை? எதுக்கு நீ துப்பாக்கி வாங்கற? கோழி அறுக்கறதப் பாத்தாலே உனக்கு மயக்கம் வருமே."

நம் ஊர்ப் பிள்ளைகள் நடத்துகிற இந்த மலரில் எழுதச் சொல்லி இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாவது வரைக்கும் படித்தவள் என்ன எழுதுவது என்று கூச்சத்தில் தட்டிக் கழித்தேன். இப்போது எழுதாமல் விட்டால் துப்பாக்கிக்காரி என்ற பேர் நிலைத்துவிடும். அதனால் எழுதுகிறேன். பிஸ்டல் வாங்கியது உண்மை. ஆனால் அது சுடுகிற பிஸ்டல் இல்லை, சந்து அடைக்கிற பிஸ்டல். கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவில் ஓட்டை இருந்தால், டியூபில் வருகிற பசையை உள்ளே அமுக்கி அடைப்போமே, அந்தக் கருவி. மீஞ்சூரில் ஹார்டுவேர் கடையில் சிலிகான் கன் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இங்கே அந்தப் பசைக்கு கிட் என்று பேர், கருவிக்கு கிட்பிஸ்டோல். எனக்கு வாயில் பிஸ்டல் மட்டும்தான் நின்றது.

2

நாங்கள் இருப்பது தண்ணீர் மேலே. கால்வாய் ஓரத்தில் கட்டிப்போட்ட படகு வீடு. கீழே இரும்புப் பெட்டி, அதன் மேலே மரத்தில் வீடு, அதில் ஒன்பது ஜன்னல். என் மகன் மணி கப்பல் பட்டறையில் வெல்டர். இந்த ஊரில் தரையில் வீடு கிடைக்க வருஷக்கணக்கில் பேர் எழுதிக் காத்திருக்க வேண்டும். அவன் காத்திருக்காமல் பழைய படகு வீடு ஒன்றைப் பிடித்துவிட்டான். ஏரிக்கரையில் பிறந்தவளைக் கூட்டி வந்து திரும்பவும் தண்ணீர் மேலேயே உட்கார வைத்துவிட்டாயே என்று முதல் நாள் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

போன வருஷம் அவன் ஆறு வாரம் நார்வேக்குக் கப்பல் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் இன்ஷூரன்ஸ் ஆள் ஒருவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். போனார். நாலாவது நாள் கடிதம் வந்தது. இந்த நாட்டில் எல்லாமே கடிதம்தான். என் மருமகள் கஸ்தூரி அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மூன்று தடவை படித்தாள். பிறகு எனக்குச் சொன்னாள். மூன்று ஜன்னலில் தண்ணீர் கசிகிறதாம். அடுத்த வாரம் வியாழக்கிழமை மறுபடி வந்து பார்ப்பார்களாம். அன்றைக்கும் கசிந்தால் இன்ஷூரன்ஸ் கிடையாது. இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் கரையில் படகைக் கட்டி வைக்கிற அனுமதியை நகராட்சி எடுத்துக்கொள்ளும். அனுமதி போனால் வீட்டை அவிழ்த்து இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். எங்கே போவது? அந்த இடத்துக்கு எங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய வரிசையே காத்திருக்கிறது.

ஜன்னல் வேலை செய்கிற கம்பெனி ஒவ்வொன்றுக்கும் கஸ்தூரி போன் போட்டாள். இரண்டு மாசம் கழித்து வருகிறோம் என்று எல்லாரும் மரியாதையாகச் சொன்னார்கள். மணிக்குச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவான், சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

"நாமளே அடைச்சிடலாம் அத்தே," என்றாள் கஸ்தூரி.

அவள் முதியோர் இல்லத்தில் நர்ஸ். காலையில் ஒரு ஷிஃப்ட், சில நாள் மதியம் இன்னொன்று. நாமளே என்று அவள் சொன்னதில் பாதிக்கு மேல் நான்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

3

சனிக்கிழமை கஸ்தூரி வேலைக்குப் போகிற வழியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கன்னும் கறுப்புப் பசை மூன்று டியூபும் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் சேர்ந்து செய்யலாம் என்றாள். பேத்தி மித்ரா சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் இருந்தால் நான் பேசுகிற ஒவ்வொரு டச்சு வார்த்தையையும் திருத்திக்கொண்டிருப்பாள். பொம்மையோடு டச்சில் பேசுகிறாள், என்னோடு தமிழில் பேசுகிறாள், கோபம் வந்தால் என்னோடும் டச்சில்தான். ஆள் இல்லாத நேரத்தில் ஒரு ஜன்னலை முடித்து வைப்போம் என்று வெளியே பலகையில் போய் உட்கார்ந்தேன்.

நல்ல குளிர். பசை டியூபுக்குள் பனங்கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. கைப்பிடியை அமுக்கினேன், வரவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினேன். அந்தக் கன்னின் கம்பியில் ரம்பம் போலப் பல் வெட்டியிருந்தது. அதில் ஒரு பல் டக்கென்று வழுக்கியது. தகடு ஒரு பக்கமாக மடங்கியது. டியூபைப் பின்னாலிருந்து தள்ளுகிற வட்டு சாய்ந்துபோய், முன்னால் வர வேண்டிய பசை பின்னால் வழிந்து என் ஸ்வெட்டர் கையெல்லாம் கறுப்பாகிவிட்டது.

கன்னைக் கீழே வைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. "நைனா இருந்தா இந்நேரம் கலப்பத்து அடிச்சி முடிச்சிருப்பாரு," என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். என் நைனா ஏரியில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகிற படகு வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தரம் படகைக் கவிழ்த்துப் போட்டு, பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து ஏற்றி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவார். அந்த வேலைக்குப் பேர்தான் கலப்பத்து.

பக்கத்துப் படகில் பீட்டர் என்று ஒரு கிழவர் தனியாக இருக்கிறார். மூன்று வருஷமாக அவர் தலையாட்டுவார், நானும் ஆட்டுவேன், உடனே உள்ளே போய்விடுவேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அன்றைக்கு அவர் தன் படகில் பெயிண்ட் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தார்.

"கல்ஃபாத்தன்?" என்றார்.

திட்டுகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து, தன் மரப்படகில் இரண்டு பலகை சேருகிற இடத்தைக் காட்டினார். இடது கையில் உளி பிடிக்கிற மாதிரி, வலது கையில் சுத்தியல் அடிக்கிற மாதிரி செய்து காட்டினார். என் நைனா கை அது. மறுபடியும், "கல்ஃபாத்தன்," என்றார்.

"கலப்பத்து," என்றேன் நான்.

"கல்ஃபாத்தன்."

"கலப்பத்து."

சின்னப் பிள்ளைகள் மாதிரி மாற்றி மாற்றிச் சொன்னோம். என் வீட்டுக்காரர் போன பிறகு வேற்று ஆண்பிள்ளையோடு நான் இவ்வளவு நேரம் பேசியதில்லை. பேசியது என்னவோ ஒரே வார்த்தைதான்.

சாயங்காலம் கஸ்தூரி வந்து நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள். நான் எந்த ஊர் என்று அவர் கேட்டார். பழவேற்காடு என்று அவளைச் சொல்லச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. உங்கள் டச்சுக்காரர்கள் எங்கள் ஊரில் கோட்டை கட்டி இருந்தார்கள், கல்லறையின் வாசலில் எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகும்போது அதைப் பார்த்துப் பயந்து ஓடுவோம் என்று சொன்னேன். துணி வாங்கக் கப்பலில் வந்தவர்கள் என்று கஸ்தூரியும் தனக்குத் தெரிந்ததைச் சேர்த்துக்கொண்டாள். பீட்டர் வாயைத் திறந்தபடி கேட்டார். அவர்கள் எல்லாம் திரும்பி வரவில்லையா என்றார்.

"இல்ல, இன்னும் அங்கதான் படுத்துக்கினு இருக்காங்கன்னு சொல்லு," என்றேன்.

கஸ்தூரி சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் வாத்துகள் பறந்துபோயின. அவர்களுடைய கப்பலுக்கும் நம் ஆட்கள்தான் கலப்பத்து அடித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. வார்த்தையை யார் யாருக்குக் கொடுத்தார்களோ. அவர்களுக்கும் அது வேறு யாரோ கொடுத்த வார்த்தைதானாம், பீட்டரே சொன்னார்.

பிறகு அந்த ஆரஞ்சு கன்னை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கினார். இது குளியலறையில் வெள்ளைப் பசை வைக்க மட்டும்தான் ஆகும், இந்தக் கெட்டிப் பசைக்கு இது சோளத்தட்டை என்கிற மாதிரி ஏதோ சொன்னார். திங்கட்கிழமை கடைக்குத் தானே கூட வருவதாகவும் சொன்னார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வள்ளியம்மாவோடு பேசியபோதுதான் நான் பிஸ்டல் என்று உளறியது.

4

கடைக்கு பீட்டரும் கஸ்தூரியும் முன்னால் போனார்கள். நான் பத்தடி பின்னால் போனேன். ஒரு சுவர் முழுக்க கன் தொங்கியது. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. பீட்டர் ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு எண்ணைக் காட்டினார். கஸ்தூரி எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னாள். கைப்பிடியில் நாம் ஒரு பங்கு அமுக்கினால் உள்ளே டியூபை எத்தனை பங்கு பலத்தோடு தள்ளும் என்பதுதான் அந்த எண். நாங்கள் முதலில் வாங்கியதில் பன்னிரண்டு. தண்ணியான பசைக்கு அது போதும். கெட்டிப் பசைக்கு இருபதுக்கு மேலே இருக்க வேண்டும். எண் கூடக் கூடப் பசை மெதுவாகத்தான் வரும், அதிகத் தடவை அமுக்க வேண்டும், ஆனால் கை நோகாது. பாட்டரியில் ஓடுகிறதும் இருந்தது. தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தேன், கனம் தாங்கவில்லை. மாட்டி வைத்துவிட்டேன்.

பீட்டர் இருபத்தாறு போட்ட ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். கெட்டி இரும்பு. அவரைப் போலவே பெரிது. கையில் பிடித்தேன். என் விரல் நுனிதான் அந்தப் பிடியைத் தொட்டது, அமுக்க எட்டவில்லை.

அவ்வளவு தூரம் வந்து தேடி எடுத்துக் கொடுக்கிறார், இது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஊரில் இருக்கும்போதே கடையில் எதையாவது மாற்றிக் கேட்கக் கூச்சப்படுவேன். கஸ்தூரி அதற்குள் அதை வாங்கிக் கூடையில் போட்டுவிட்டாள். வியாழக்கிழமை கண்ணுக்கு முன்னால் வந்தது. வீட்டின் கயிற்றை யாரோ அவிழ்க்கிற மாதிரி இருந்தது. கூடையிலிருந்து அதை எடுத்துத் திரும்பச் சுவரில் மாட்டினேன். கடை ஆட்கள் பார்க்கிறார்களே என்று தலையைக் குனிந்துகொண்டே, வரிசையாக ஒவ்வொன்றாக எடுத்துக் கையை மூடி மூடிப் பார்த்தேன்.

ஏழாவதோ எட்டாவதோ கைக்கு வந்தது. அதிலும் இருபத்தாறுதான் போட்டிருந்தது. பிடி குறுகல். கம்பி பல் இல்லாமல் வழவழவென்று இருந்தது. டியூப் உட்காருகிற தொட்டில் சுற்றிச் சுழன்றது. அது சுழன்றால்தான் ஜன்னல் மூலையில் கையைத் திருப்பாமல் பசை வருகிற மூக்கை மட்டும் திருப்பலாம். பீட்டர் அதை வாங்கித் துணி பிழிவது போல முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை. கஸ்தூரியிடம் ஏதோ கேட்டார்.

"எப்டி இத கண்டுபுடிச்சீங்கன்னு கேக்கறாரு அத்தே."

"கைய மூடிப் பாத்தேன்னு சொல்லு."

பீட்டர் தன் கையை மூடித் திறந்து பார்த்துக்கொண்டார். நீங்கள் யாராவது கன் வாங்கினால் இதை மட்டும் மறக்காதீர்கள். எண்ணும் இரும்பும் அட்டையில் எழுதியிருக்கும். உங்கள் கை எவ்வளவு என்று எந்த அட்டையிலும் எழுதியிருக்காது.

5

கடிதத்தில் மூன்று ஜன்னல் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. திங்கட்கிழமை மத்தியானமே ஒன்பது ஜன்னலையும் உள் பக்கத்தில் விரலால் தடவிப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு. ஐந்தாவது முடித்ததும் என்னை அம்மா ஏரியில் இறக்கிவிட்டாள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி இறால் பிடிக்கிற வேலை. பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்போம். இறாலும் கல்லும் கிளிஞ்சலும் விரலுக்கு வேறு வேறு மாதிரி இருக்கும். பத்து வருஷம் வாயில் பறியோடு வேலை செய்ததால்தானோ என்னவோ எனக்கு இன்றைக்கும் பேச்சு வரவில்லை. விரல் மட்டும் பேசும். ஈர மரம் விரலுக்கு ஒரு மாதிரி கொழகொழவென்று சில்லென்று இருக்கும். ஒன்பதில் ஐந்து ஜன்னலில் அப்படி இருந்தது. அவர்கள் பார்க்காத இரண்டும் அதில் சேர்த்தி.

செவ்வாய்க்கிழமை கஸ்தூரி லீவு போட்டாள். பழைய பசையைக் கத்தியால் சுரண்டி எடுக்கவே பாதி நாள் போனது. துடைத்துக் காயவைத்து, சந்துக்கு இரண்டு பக்கமும் காகித டேப் ஒட்டினோம். டியூபுகளை வெந்நீர் வாளியில் போட்டு வைக்கச் சொன்னார் பீட்டர். சூட்டில் பசை இளகிக் கொடுத்தது. மூக்கைச் சாய்வாக வெட்டினோம், சந்து அகலத்துக்கு. உள்ளே ஒரு மூடி இருக்கிறது, அதையும் ஆணியால் குத்த வேண்டும். குத்தாமல் அமுக்கினால் எந்த கன்னும் உடையும். இது கஸ்தூரி கண்டுபிடித்தது. எப்படிக் கண்டுபிடித்தாள் என்று எழுத வேண்டாம் என்கிறாள்.

புது கன் எடுத்த எடுப்பிலேயே வேலை செய்தது. ஒரே சீராக அமுக்க, கறுப்புப் பசை பாம்பு மாதிரி சந்துக்குள் போய்ப் படுத்தது. நிறுத்தும்போது பின்னால் இருக்கிற தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் கம்பி தளர்ந்துவிடும், சொட்டாது. பிறகு சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து ஒரே இழுப்பாக நான் தடவ வேண்டும், பசை தோல் கட்டுவதற்குள் கஸ்தூரி டேப்பை உரிக்க வேண்டும். மூன்றாவது ஜன்னலில் எங்களுக்குத் தாளம் வந்துவிட்டது. நான் அமுக்க, அவள் உரிக்க, நடுநடுவே அவள் மீஞ்சூர் மாமியார்களைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் சிரித்ததில் ஒரு இடத்தில் பசை கோணலாகப் போனது. அது இன்றைக்கும் இருக்கிறது.

ஐந்தாவதை முடித்தபோது அவள் மூக்கில் கறுப்பு, என் நெற்றியில் கறுப்பு. பீட்டர் தன் படகிலிருந்தே கை தட்டினார். வியாழக்கிழமை காலை வரைக்கும் உள்ளே ஹீட்டரை ஓட விட்டு மரத்தைக் காய வைத்தோம்.

6

வியாழக்கிழமை கஸ்தூரி வீட்டில் இருப்பதாகத்தான் ஏற்பாடு. அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் இரண்டு நர்சுகளுக்கு உடம்பு சரியில்லை என்று காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். பீட்டருக்குக் கண் ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தது. நான் தனி.

"எது கேட்டாலும் 'யா'ன்னு சொல்லுங்க அத்தே, போதும்," என்று சொல்லிவிட்டு ஓடினாள். யா என்றால் ஆமாம்.

இன்ஷூரன்ஸ் அதிகாரி பத்து மணிக்கு வந்தார். நல்ல உயரம், தலை இடிக்காமல் குனிந்து வந்தார். ஏதோ சொன்னார். யா என்றேன். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பக் கூடாதே என்று சோறு வைத்திருந்தேன், குழம்பும் கொதித்தது. அவர் வெளியே போய் ரப்பர் குழாயைத் திறந்து முதல் ஜன்னல் மேலே தண்ணீர் அடித்தார். உள்ளே வந்து விளக்கு அடித்துப் பார்த்தார். ஈரம் பார்க்கிற, இரண்டு ஊசி வைத்த சின்னக் கருவியை மரத்தில் குத்திப் பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஒன்றிலும் குறை சொல்லவில்லை. எட்டாவது சமையலறை ஜன்னல். அதன் கண்ணாடிக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. நான் பார்க்கும்போதே இன்னொன்று இறங்கி வந்தது.

அவர் உச்சுக் கொட்டிக்கொண்டு கையிலிருந்த அட்டையில் செருகிய தாளில் எழுதப் போனார். அந்த ஜன்னலை நான் தடவியிருக்கிறேன், அது கசிகிற ஜன்னலே இல்லை. கிட்டே போய் விரலை வைத்தேன். சொட்டு வெதுவெதுப்பாக இருந்தது. கால்வாய்க் குளிரில் வெளியே இருந்து வருகிற தண்ணீர் எப்படி வெதுவெதுப்பாக இருக்கும்? திரும்பிப் பார்த்தேன். சோற்றுப் பானையிலிருந்து ஆவி நேராக அந்தக் கண்ணாடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதை டச்சில் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்தது யா. அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அன்னிய ஆண்பிள்ளை கையை நானே பிடித்தேன். அடுப்பை அணைத்தேன். பானை மூடியைத் திறந்து காட்டினேன். ஆவி போகிற வழியை விரலால் கண்ணாடி வரைக்கும் இழுத்துக் காட்டினேன். சொட்டைத் துணியால் துடைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அவர் உட்கார்ந்தார். ஆவி அடங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் வெளியே போய் முதலில் அடித்ததை விட அதிக நேரம் தண்ணீர் அடித்தார். உள்ளே வந்து பார்த்தார். கண்ணாடிக்குக் கீழே மரம் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது.

அவர் முகம் மாறிவிட்டது. என் நெற்றியில் இன்னும் போகாத கறுப்பையும் ஜன்னலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தாளை எடுத்து எழுதினார். தாளின் கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து என்னவோ கேட்டார். நீளமாகக் கேட்டார். அதில் எனக்கு ஒரே ஒரு வார்த்தை புரிந்தது.

"யார்?" என்றார்.

யார் செய்தது என்கிறார். இதற்கு யா என்று சொன்னால் சரியாகாது. யாரோ கம்பெனிக்காரர் செய்தது என்று எழுதிவிடுவார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நெஞ்சில் கையை வைத்து நிமிர்ந்து நின்றேன். அவர் புருவத்தைத் தூக்கினார். மறுபடியும், "யார்?" என்றார். மறுபடியும் நெஞ்சைத் தட்டினேன், பலமாக. அவர் சத்தமாகச் சிரித்துவிட்டு எழுதினார். ஒரு தட்டுச் சோறும் இறால் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

கஸ்தூரி வந்ததும் பையைக் கூடக் கீழே வைக்காமல் தாளைப் படித்தாள். எல்லாம் சரி, இடம் நமக்குத்தான் என்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு கடைசி வரியைப் படித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"அத்தே, அவுங்க பாஷைல யார்னா வருஷம். எத்தினி வருஷம் தாங்கும்னு கேட்டிருக்காரு. நீங்க நெஞ்சத் தட்டியிருக்கீங்க."

"இன்னா எழுதியிருக்காரு?"

"இந்த அம்மா இருக்கற வரைக்கும்னு."

இந்த வாரம் அதே அதிகாரி வருஷப் பரிசோதனைக்கு வந்தார். கஸ்தூரி கதவைத் திறந்தாள். நான் வெட்கப்பட்டுச் சமையலறையில் நின்றுகொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. நேராக உள்ளே வந்து குனிந்து, தலையிலிருந்து கால் வரைக்கும் என்னைப் பார்த்தார். தாளில் ஒரு டிக் போட்டார். அப்புறம்தான் போய்த் தண்ணீரைத் திறந்தார்.